மேல்மண்: தோண்டுதலின் அறம் குறித்து

கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வளவுக்குள் மலசலகூடத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். வெளியே குவிந்திருந்த மண்ணில் சிப்பியும் ஓட்டுத் துண்டுகளும் கிடந்தன. வேலி ஓரமாய் நின்று பார்த்த என்னை வீட்டுக்காரர் உள்ளே அழைத்தார். எழுபதைக் கடந்தவர். பெயரும் வந்த காரணமும் கேட்டார், சொன்னேன். மண்ணிலிருந்து பொறுக்கிய, நீலக்கோடு ஓடிய ஒரு பீங்கான் துண்டை என் கையில் வைத்தார்.

"தம்பி எழுதுற ஆள் எண்டபடியால் கேக்கிறன். இது எவ்வளவு பழசு எண்டு சொல்லுவியளோ?"

"எனக்குத் தெரியாது ஐயா. ஒல்லாந்தர் காலமாயும் இருக்கலாம், உங்கட அம்மம்மா குடிச்ச கோப்பையாயும் இருக்கலாம்."

சிரித்தார். தேத்தண்ணி வந்தது. பிறகு இயல்பாகக் கேட்டார்:

"தம்பிக்கு எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்தான் ஐயா."

"இல்லை, முந்தி?"

அவருடைய குரலில் பகை எதுவும் இருக்கவில்லை. தேத்தண்ணி தந்தவர், மண்ணில் கிடைத்ததை நம்பி என் கையில் தந்தவர். ஆனாலும் அந்த 'முந்தி' என்ற ஒரு சொல் என்னை விடவில்லை. ஒரு முஸ்லிம் யாழ்ப்பாணத்தான் என்று சொன்னால், அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருந்தேயாக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. பீங்கான் துண்டைப் பற்றிக் கேட்டதும் என்னைப் பற்றிக் கேட்டதும் ஒரே கேள்விதான் என்று திரும்பி வரும்போது தோன்றியது. எவ்வளவு பழசு? எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு நம்மவர்களிடம் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. நானும் அந்தப் பதிலைப் பல மேடைகளில் சொன்னவன். மாதோட்டத்திலிருந்து தொடங்குவோம். மன்னாரின் பெருநிலப் பக்கத்தில், திருக்கேதீஸ்வரத்தை அண்டி, குதிரை இலாடம் போல் வளைந்து கிடக்கும் மண்மேடு அது. ஜோன் காஸ்வெல் தலைமையில் 1980 முதல் 1984 வரை அங்கே அகழாய்வு நடந்தது. சீனத்து மட்பாண்டங்களும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பளிங்குப் பூச்சுப் பாத்திரங்களும் இந்திய மட்பாண்டங்களும் ஒரே மேட்டுக்குள் கிடந்தன. பின்னர் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த அகழ்வின் தானியங்களையும் வாசனைப் பொருட்களையும் ஆராய்ந்தவர்கள் 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். மிளகு இருந்தது, கோதுமை இருந்தது, ஒரேயொரு கிராம்பும் இருந்தது. கிராம்பு அன்று விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே. கி.பி. 900க்கும் 1100க்கும் இடையில் யாரோ ஒருவர் கையிலிருந்து அது மாதோட்டத்து மண்ணில் விழுந்திருக்கிறது.

அங்கிருந்து வடக்கே வந்தால் அல்லைப்பிட்டி. 1977இல் தற்செயலாக வெளிப்பட்ட சீன மட்பாண்டங்களைத் தொடர்ந்து 1980இல் காஸ்வெல் அங்கும் அகழ்ந்தார். 2018இல் சாங்காய் அருங்காட்சியகமும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து மீண்டும் அகழ்ந்தன. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்த சீனப் பாத்திரங்கள் கிடைத்தன. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் பேராசிரியர் ப. புஷ்பரட்ணமும், பின்னர் 2017 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மத்திய கலாசார நிதியம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவையும் மேற்கொண்ட அகழ்வுகள், போர்த்துக்கேயர் கல் நடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கரை கடல் வணிகத்தோடு தொடர்புபட்டிருந்ததைக் காட்டின. இவற்றோடு 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் சேர்த்துக்கொள்வோம். அம்மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்பதை இப்னு பதூதாவே பதிவுசெய்கிறார். 1736இல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையையும், உசனிலும் நல்லூரிலும் முஸ்லிம்கள் குடியிருந்தார்கள் என்ற மரபையும் கடைசியில் வைப்போம்.

ஆக, நாங்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவர்கள். நிரூபித்தாயிற்று. கைதட்டல் கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பதிலில் இரண்டு பிழைகள் இருப்பதை இப்போது உணர்கிறேன். முதலாவது அறிவு சார்ந்த பிழை. பாரசீக வளைகுடாவில் செய்த ஒரு சாடி மாதோட்டத்தில் கிடைத்தால், அந்தச் சாடி அங்கே வந்தது என்பது மட்டுமே அதன் பொருள். அதைக் கொண்டுவந்தவர் அறபியா, பாரசீகரா, குஜராத்தியா, தமிழ் வணிகரா என்று சாடிக்குத் தெரியாது. அவர் எந்தத் திசை நோக்கித் தொழுதார் என்பதும் தெரியாது. அவர் இங்கே மணமுடித்துப் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தாரா, அடுத்த பருவக்காற்றோடு போய்விட்டாரா என்பதும் தெரியாது. சாடி வணிகத்துக்குச் சாட்சி. குடியிருப்புக்குச் சாட்சி வேண்டுமென்றால் வேறு சான்று தேட வேண்டும். நாம் ஓட்டுத் துண்டைத் தூக்கிப்பிடித்து, "இதோ என் பாட்டன்" என்று சொல்லும்போது, சாட்சி சொல்லாததைச் சொன்னதாகக் கூறுகிறோம். வேறொரு வழக்கில் அதற்குப் பொய்ச்சாட்சி என்று பெயர்.

இரண்டாவது பிழை அறம் சார்ந்தது. பழமைதான் உரிமை என்று ஒப்புக்கொண்டால், நம்மைவிடப் பழையவர் என்று காட்டக்கூடிய எவருக்கும் நம்மை வெளியேற்றும் உரிமையையும் ஒப்புக்கொள்கிறோம். கந்தரோடையைப் பாருங்கள். 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் போல் பீரிஸ் அங்கே சிறிய தூபிகளின் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோது அதற்கும் கீழே பெருங்கற்காலப் பண்பாட்டு அடுக்குகள் வந்தன. அன்றிலிருந்து ஒரு தரப்பு தூபியைக் காட்டி இது சிங்களவரின் நிலம் என்கிறது. மறுதரப்பு அவை தமிழ்ப் பௌத்தருடையவை என்கிறது. அதற்கும் கீழுள்ள தாழிகளைக் காட்டி எங்களுடையதே மூத்தது என்கிறது. ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஈமப் புதைகுழியில் கண்டெடுத்த பிராமி எழுத்து முத்திரை இந்த வழக்கில் ஒரு தரப்பின் ஆவணமாயிற்று. ஆய்வாளர்கள் பலர் நேர்மையாகவே எழுதினார்கள். அவர்களுடைய குழிகளை மற்றவர்கள் காணி உறுதிகளாக வாசித்தார்கள்.

அந்த வாசிப்பில் யாரும் வெல்வதற்கில்லை. ஒரு குழியின் அடியில் நிற்பவர் இன்னும் ஓரடி தோண்டினால் அவருக்கு முன்பு இருந்தவர் வருவார். அவருக்கும் கீழே இன்னொருவர். கன்னிமண் வரும்போது அங்கே யாருமில்லை. 'முந்தி' என்ற கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுபோனால் எல்லோருமே வந்தேறிகள்தாம். பூமியில் பயணம் செய்து, முன்பிருந்தவர்களின் முடிவு எவ்வாறானது என்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. நான் விளங்கிக்கொண்டவரை அந்த அழைப்பு பெருமை தேடச் சொல்வதல்ல; நாமும் ஒருநாள் ஓர் அடுக்காவோம் என்று நினைக்கச் சொல்வது.

இந்தச் சிக்கல் நமக்கு மிக அருகில் இருப்பதால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்காக வாசகரை மத்தியதரைக் கடலின் சைப்பிரஸ் தீவுக்கு அழைக்கிறேன்.

அங்கே லார்னாகா நகருக்கு அண்மையில் ஓர் உப்பேரி உண்டு. அதன் கரையில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளிவாசலும் ஒரு கப்றும் இருக்கின்றன. ஹலா சுல்தான் தெக்கே என்பது அதன் பெயர். உம்மு ஹராம் பின்த் மில்ஹான் அடங்கியிருப்பதாக நம்பப்படும் இடம் அது. அனஸ் இப்னு மாலிக்கின் தாயின் சகோதரியான அவர், கடல்வழிச் செல்லும் முதற் படையில் இருப்பார் என்று நபிகளார் (ஸல்) கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்துள்ளன. முஆவியாவின் காலத்தில் சைப்பிரஸ் சென்ற படையோடு போனவர், வாகனப் பிராணியிலிருந்து விழுந்து அங்கேயே மரணித்தார். இன்றுள்ள கட்டடங்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் உஸ்மானியர் ஆட்சியின்போது எழுந்தவை.

அந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே வெண்கலக் காலத்து நகரம் ஒன்று புதைந்துகிடக்கிறது. 1971இல் சுவீடன் நாட்டவரான போல் ஆஸ்ட்ரோம் அங்கே முறையான அகழ்வைத் தொடங்கினார். 2010 முதல் பீட்டர் பிஷர் தொடர்ந்தார். கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 1150இல் கைவிடப்பட்ட துறைமுக நகரம். இன்றைய உப்பேரி அன்று கடலோடு திறந்திருந்த துறையாக இருந்தது. செம்பு ஏற்றுமதியால் செழித்த ஊர் அது. கிரேக்கத்துப் பாத்திரங்களும் எகிப்தியப் பொருட்களும் அங்குள்ள கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன; ஆப்கானிஸ்தானின் நீலக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்த சூதுபவளமும்கூடக் கிடைத்திருக்கின்றன. மாதோட்டத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முற்பட்ட மாதோட்டம் என்று அதைச் சொல்லலாம்.

இப்போது அந்தத் தீவின் மேல்மண்ணுக்கு வருவோம். 1571இல் உஸ்மானியர் தீவைக் கைப்பற்றினர். 1960இல் அது சுதந்திர நாடாயிற்று. 1963இல் கிரேக்க, துருக்கிய சைப்பிரியோட்டுகளுக்கிடையே மோதல் வெடித்தது. 1974இல் சதிப்புரட்சியும் துருக்கியின் படையெடுப்பும் நிகழ்ந்து தீவு இரண்டாகப் பிளந்தது. ஒரு இலட்சத்து அறுபதாயிரம் அளவிலான கிரேக்க சைப்பிரியோட்டுகள் தெற்கே ஓடினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துருக்கிய சைப்பிரியோட்டுகள் வடக்கே போனார்கள். உம்மு ஹராமின் கப்று தெற்கே இருக்கிறது. அதில் பாத்திஹா ஓதி வந்த சமூகம் வடக்கே இருக்கிறது. 2003இல் எல்லைக் கடவைகள் திறக்கும்வரை இடையில் சுவர் இருந்தது.

அந்தத் தீவில் 'முந்தி?' என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? கிரேக்கர் மூவாயிரம் ஆண்டு என்பார். துருக்கியர் நானூறு ஆண்டு என்பார். கணக்கில் மூவாயிரம் பெரிது. ஆனால் நானூறு ஆண்டுகள் ஒலிவ் மரம் நட்டு, பிள்ளை பெற்று, மையித்து அடக்கிய ஒருவரிடம் அந்தக் கணக்கைக் காட்டி வீட்டைக் காலிசெய்யச் சொல்ல யாருக்கு அதிகாரம்? மறுபுறம், படை கொண்டுவந்து நிறுத்திய ஓர் அரசு, மூவாயிரம் ஆண்டுக்காரரின் வீட்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதற்கும் என்ன நியாயம்? இரண்டு அநீதிகளும் நிகழ்ந்தன. அவற்றை அளப்பதற்கு வெண்கலக் காலம் உதவவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் வாழ்ந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டார் என்ற ஒரே உண்மைதான் உதவியது. அதற்கு நாற்பது வருடமோ நான்கு வருடமோ குடியிருந்திருந்தாலே போதும்.

நமது சொந்த மண்ணிலிருந்து இதைவிடக் கடுமையான ஓர் உதாரணம் இருக்கிறது. 2018இல் மன்னார் நகரின் மையத்தில், சதொச கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் குழந்தைகளும் இருந்தனர். காணாமற்போனோரின் தாய்மார் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்குக் காபன் காலக்கணிப்புக்காக அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் பதில் வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம். முடிவை ஏற்காதவர்கள் இருந்தார்கள். மாதிரித் தெரிவைப் பற்றியும் சூழலைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன.

அந்த விவாதத்தின் முடிவு எதுவானாலும், அன்று நிகழ்ந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருடக் கணக்கு வந்த மறுகணமே அந்த எலும்புகளின் தகுதி மாறியது. நேற்றுவரை வழக்கின் தடயமாக இருந்தவை இன்று தொல்பொருளாயின. நேற்றுவரை யாரோ ஒருவரின் மகனாக இருக்கலாம் என்றிருந்தது இன்று எவருக்கும் உறவில்லாத 'மாதிரி' ஆயிற்று. உயிரோடிருப்பவருக்குப் பழமை உரிமையைத் தரும் என்று நாம் நம்புகிறோம். இறந்தவருக்கு அதே பழமை உரிமையைப் பறித்துவிடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட ஒரு குழந்தை கொல்லப்படாத குழந்தையாகிவிடுமா? ஆகாது. ஆனால் கொன்றவரை நிறுத்துவதற்குக் கூண்டு இல்லை. ஆகவே நாம் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம்.

வயது இரண்டு திசைகளிலும் இப்படி நம்மை ஏமாற்றுமென்றால், குழியில் இறங்குபவர் எதைத் தேடவேண்டும்? என் பதில் எளியது. மேல்மண்ணையும் தேடவேண்டும்.

அகழாய்வில் ஒரு நடைமுறை உண்டு. மேலே கிடக்கும் அண்மைக்கால மண், குழம்பிய மண் என்று பெயர் பெறும். செங்கல் துண்டு, பொலித்தீன், துருப்பிடித்த ஆணி, உடைந்த போத்தல். நவீன முறையியல் அதையும் பதிவுசெய்யச் சொல்கிறது. ஆயினும் பலருக்கு அது விரைவில் கடந்துபோக வேண்டிய தடை. முக்கியமானது கீழே இருக்கிறது. வரலாறு பேசும் நாமும் இதையே செய்கிறோம். மாதோட்டத்துச் சாடியைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவோம். சோனகதெருவைப் பற்றிக் கேட்டால் குரல் தணிந்துவிடும்.

யாழ்ப்பாண முஸ்லிம்களின் மேல்மண்ணில் என்ன இருக்கிறது? 1990 ஒக்டோபர் 30 இருக்கிறது. அன்று விடுதலைப் புலிகள் நகரின் முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இறங்கினார்கள். இங்கே அவர்களுடைய வீடுகளின் கதவும் நிலையும் கூரைமரமும் கழற்றப்பட்டன. 2002க்குப் பின்னும் 2009க்குப் பின்னும் திரும்பியவர்கள் ஒரு பகுதியினரே. என் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் இன்று எஞ்சியிருப்பது சீமெந்துத் தரை மட்டுமே. சிவப்புச் சாயமிட்ட தரை. நடுவில் ஒரு வெடிப்பு, அதில் நாயுண்ணிச் செடி. எந்தத் தொல்லியலாளரும் அதை அகழமாட்டார். அதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. ஆனால் கொழும்புத்துறை ஐயாவின் 'முந்தி?' என்ற கேள்விக்கு உண்மையான பதில் அந்தத் தரையில்தான் இருக்கிறது. மாதோட்டத்துக் கிராம்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மேல்மண்ணைப் பேசினால் பகை வளரும். ஆழத்தைப் பேசினால் எல்லோரும் சேர்ந்து பெருமைப்படலாம் அல்லவா? நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாதம் இது. இதற்கு மீண்டும் சைப்பிரஸ்தான் பதில் சொல்கிறது. 1963க்கும் 1974க்கும் இடையில் அங்கே காணாமற்போனோர் 2,002 பேர். அவர்களில் 1,510 பேர் கிரேக்க சைப்பிரியோட்டுகள், 492 பேர் துருக்கிய சைப்பிரியோட்டுகள். அவர்களைத் தேடுவதற்கென 1981இல் ஒரு குழு அமைந்தது. 2006 முதல் அக்குழுவின் தோண்டுதல் தொடர்ச்சியாக நடைபெற்றது. இரு சமூகத்தையும் சேர்ந்த தொல்லியலாளர்கள் ஒரே குழிக்குள் மண்டியிட்டுத் தோண்டினார்கள். ஒருவர் தூரிகையால் துலக்கும் எலும்பு மற்றவரின் ஊரவருடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர். தீவு இன்னும் ஒன்றுசேரவில்லை. அரசியல் தீர்வு வரவில்லை. ஆனால் இரு தரப்புத் தாய்மாரும் தம் பிள்ளைகளை அடக்கம்செய்ய முடிந்தது. வெண்கலக் காலத்தைத் தோண்டிய எந்தக் குழியும் இதைச் செய்யவில்லை.

கொழும்புத்துறையிலிருந்து கிழக்கே அரியாலையைக் கடந்தால் செம்மணி. உப்பு வெளியும் நீரும் கலந்த நிலம். 1998இல் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைச்சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலத்தின் பேரில் 1999இல் அங்கே தோண்டினார்கள். 15 உடல்கள் வந்தன. பின்னர் இருபத்தைந்து ஆண்டு மௌனம். 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்காக மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பர் வரை 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு நீலநிறப் பள்ளிப் பையும் ஒரு விளையாட்டுப் பொம்மையும் அந்த மண்ணில் இருந்தன. ஆழத்தைத் தேடப் பயின்ற அதே கலை, மேல்மண்ணில் இறங்கியபோதுதான் ஒரு சமூகத்தின் கண்ணீருக்குப் பயன்பட்டது. அந்தப் பையை அடையாளம் காட்டக்கூடிய ஒரு தாய் எங்கோ இருக்கலாம்.

செம்மணியைப் பற்றி ஒரு முஸ்லிம் ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் நம்மைத் துரத்தியபோது யார் எழுதினார்கள் என்றும் கேட்பார்கள். வலியிலிருந்து வரும் கேள்வி அது. நான் அதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் சாட்சியம் என்பது கொடுக்கல் வாங்கல் கணக்கல்ல. உறவினருக்கு எதிராகவும் தனக்கே எதிராகவும் போனாலும் உண்மைக்குச் சாட்சியாக நிற்கும்படி நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. செம்மணிக்குச் சாட்சியாகாதவர் சோனகதெருவுக்குச் சாட்சி கேட்கும் தகுதியை இழப்பார். மறுதலையாகவும் அப்படித்தான், செம்மணிக்கு நீதி கேட்கும் தமிழ் நண்பர்களிடம் இதையே சொல்கிறேன்.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. நமது மேல்மண்ணை நாமே எத்தனை இடங்களில் வாரி எறிந்திருக்கிறோம்? மரத்தூண்களும் சுண்ணச் சாந்தும் கொண்ட பழைய பள்ளிகளை இடித்துக் கொங்கிறீட் மினாராக்களை எழுப்பினோம். சில ஊர்களில் மீஸான் கற்களை, அவற்றில் எழுதியிருந்ததை ஒருமுறையேனும் படியெடுக்காமல், அகற்றினோம். அறபுத் தமிழ் ஏடுகள் கறையானுக்குப் போயின. கப்றின் மேல் கட்டடம் கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்தில் நான் இறங்கவில்லை. ஒரு கல்லை அகற்றுமுன் அதைப் படமெடுத்துக் குறித்துவைக்க எந்த மார்க்கமும் தடைசெய்யவில்லை என்று மட்டும் சொல்கிறேன். நம் கையாலேயே அழித்துவிட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சாடியில் நம் பாட்டனைத் தேடுவது விசித்திரம்.

அப்படியானால் மாதோட்டத்தையும் அல்லைப்பிட்டியையும் மூடிவிடலாமா? கூடாது. அகழ்வு ஒரு முறைதான் நிகழும். கீழடுக்கைப் பார்க்க மேலடுக்கை அழித்தாக வேண்டும். அழித்ததை மீளவைக்க முடியாது. ஆய்வாளரின் குறிப்பேட்டில் மட்டுமே அது இருக்கும். ஆகவே ஒவ்வொரு குழியும் ஓர் அமானிதம். மாதோட்டத்து அகழ்வின் முழு அறிக்கை போர் காரணமாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதித்து 2013இல்தான் நூலாயிற்று. அத்தனை ஆண்டுகளும் குறிப்புகளைப் பத்திரப்படுத்தியவர்கள் அமானிதத்தைப் பேணியவர்கள்.

ஆழம் நமக்குக் காணி உறுதியைத் தராவிட்டாலும் வேறொன்றைத் தருகிறது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிங்கள மன்னன், தமிழில் இட்ட ஆணை. வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரசனுக்கு, எஞ்சியது உடையவனுக்கு. காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லையும் நினைத்துக்கொள்ளலாம். 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அதில் சீன மொழி புத்தருக்கும், தமிழ் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கின்றன. கண்டெடுக்கும்போது அந்தக் கல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. அதன் மேல் எத்தனை வண்டிகள் போயிருக்கும்!

நயினாதீவுக் கல் வருபவனிடம் 'முந்தி எங்கே?' என்று கேட்கவில்லை. கரைக்கு வந்தவனுக்கு, கப்பல் உடைந்தவனுக்கு, என்ன செய்யவேண்டும் என்று அது பேசுகிறது. அதில் அரசனின் வணிக லாபமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இந்தக் கடலோரத்தில் அந்நியனுக்கும் ஒரு நியாயம் எழுதிவைக்கப்பட்டிருந்தது. அந்நியனுக்கே அது உண்டென்றால், அயலவனுக்கு எவ்வளவு இருக்கவேண்டும்?

அடுத்த தடவை போனபோது அந்தக் குழி மூடப்பட்டுச் சீமெந்து பூசப்பட்டிருந்தது. நீலக்கோட்டுப் பீங்கான் துண்டு விறாந்தைச் சுவரில், ஒரு பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஐயா என்னை மறக்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு நீங்கள் மறுமொழி சொல்லேல்லை."

"முந்தியும் சோனகதெருதான் ஐயா. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் முப்பது வரைக்கும் எங்கட ஆக்கள் அங்கதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடல்நீரேரிப் பக்கமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சோனகதெருவில் தன் தகப்பனாருக்கு உடுப்புத் தைத்த ஒரு தையற்காரரின் பெயரைச் சொல்லி, "அவையின்ர வீடு இப்பவும் இருக்குதோ?" என்று கேட்டார்.

"தரை இருக்குதோ எண்டு பாத்துச் சொல்லுறன் ஐயா," என்றேன்.